சிவப்பு நூல் கட்டிய செடிகள்

பிப்ரவரி 9, லீரா மாவட்டம்

சோதனைக்கு நிலம் கொடுத்திருக்கும் அடோங் அக்காவின் தோட்டத்தில் இருபது மரவள்ளிச் செடிகளைச் சோதித்தேன். மண்ணை விலக்கி, செடிக்கு ஒரு கிழங்கு அறுத்துப் பார்த்து, திரும்ப மூடுவது எங்கள் வழக்கம். இலையெல்லாம் பச்சைப் பசேல். ஆனால் எட்டுச் செடிகளின் கிழங்குக்குள் பழுப்பு அழுகல். மரவள்ளியில் பியர் காய்ச்சும் ஒரு கம்பெனிக்காக எங்கள் அரசு ஆய்வு நிலையம் உருவாக்கிய புது ரகம் இது.

என் மேலதிகாரி டாக்டர் நபிர்யே மேடம் போனில் சொன்னார்: "நாளை மறுநாள் கம்பெனிக்காரங்க வர்றாங்க. நல்ல செடி எதுன்னு உனக்குத் தெரியுமில்ல? அடையாளம் வச்சுக்கோ."

வைத்தேன். நல்ல செடிகளின் அடித்தண்டில் சிவப்பு நூல்.

பிப்ரவரி 11

கம்பெனியின் செம்வாங்கா புது பூட்ஸோடு வந்தார். "எதைப் பிடுங்கலாம்?" நான் கை காட்டினேன். நாலு செடி, நாலும் சுண்ணாம்பு வெள்ளை. கைதட்டல், போட்டோ.

அடோங் அக்கா குனிந்து பார்த்துச் சிரித்தாள். "தம்பி, என் செடிக்கு யாரு பொண்ணுக்குக் கட்டற மாதிரி இடுப்பு மணி கட்டிவிட்டது? கல்யாணத்துக்கு நிக்குதா?"

நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 12

சிரித்தேனே. நாய் நான்.

பிப்ரவரி 20, கம்பாலா

ஓட்டலில் கருத்தரங்கு. தலைப்பு: தொழில் நிறுவனமும் அரசு நிலையமும் சேர்ந்து செய்யும் ஆய்வு வெற்றி பெறக் காரணங்கள். டாக்டரின் உரையை எழுதியது நான். முதல் காரணம் 'ஒளிவுமறைவில்லாத தகவல்' என்று நானே தட்டச்சு செய்தேன். அவர் அதை வாசித்தபோது முன்வரிசையில் தலையாட்டினார்கள். கிழங்கு அழுகினால் பட்டினி கிடக்கப் போகிறவர்கள் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அவர்களுக்கு யார் அழைப்பு அனுப்புவார்கள்?

மார்ச் 6

மழை தொடங்கிவிட்டது. முன்னூறு குடும்பங்களுக்குப் புது ரகத்தின் நடவுக் குச்சிக் கட்டுகள் தயார். முதல் கட்டு அடோங் அக்காவுக்கு. கேழ்வரகு விதைக்கிற நிலத்தையும் இதற்கே உழுது வைத்திருக்கிறாள்.

"கம்பெனிக்காரன் பேச்சை நான் நம்பல. நீ சொல்லு தம்பி, நடட்டுமா?"

வாய்க்குள் எல்லாம் இருந்தது. வெளியே வந்தது ஒரே சொல் – "நடுங்க."

மார்ச் 9

தூக்கமில்லை. காலையில் செம்வாங்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இருபதில் எட்டு. நூல் கட்டியது நான்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நூல் என் கண்ணிலயும் பட்டுச்சுப்பா. மேலிடத்துல வெள்ளைக் கிழங்கு போட்டோதான் கேட்டாங்க."

ஆக, மூன்று பேருக்கும் தெரியும். படித்தவன், கோட்டு போட்டவன், பதவியில் இருக்கிறவள். நட்டவளுக்கு மட்டும் தெரியாது. இதற்குப் பெயர் கூட்டாய்வு!

"எழுதிக் கொடு. மேலிடத்துக்குக் காட்டக் காகிதம் இருந்தா கட்டுகளை நிறுத்தறேன்," என்றார். எழுதினேன்.

மார்ச் 10

டாக்டர்: "உன்னை வளர்த்து விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மார்ச் 11

அக்கா அதற்குள் அரை ஏக்கர் நட்டிருந்தாள். வரப்பிலேயே நின்று சொன்னேன். முழுதும் கேட்டாள். திட்டுவாள், அடிப்பாள் – எதற்கும் தயாராகத்தான் போனேன். மண்வெட்டியை என் பக்கம் நீட்டினாள், அவ்வளவுதான். மதியம் வரை இருவரும் குச்சிகளைப் பிடுங்கினோம். அடுப்புக்கென்று குவித்தாள். தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 2

மழை இன்னும் இருக்கிறது. அக்கா அந்த நிலத்தில் கேழ்வரகு விதைத்துவிட்டாள். சோதனைச் செடிகளை இன்று எல்லார் முன்னாலும் மறுபடி தோண்டினோம். செம்வாங்கா வந்தார். டாக்டரும் வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி எந்தச் செடியைப் பிடுங்குவது என்பதை நிலத்துக்காரர்தான் சொல்வார் என்று புது ஒப்பந்தத்தில் எழுதச் செய்தவள் அடோங் அக்கா. எழுதாவிட்டால் நிலம் கிடையாது என்றாளாம்.

கத்தி அவள் கையில் இருந்தது. பழக்கத்தில் நான் ஒரு செடியை நோக்கி அடியெடுத்து வைத்தேன்.

"தள்ளி நில்லுங்க, ஆபீசர்," என்றாள்.

தள்ளி நின்றேன்.