எண் இறங்கிய பிறகு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், யோசித்துப் பார்த்தால் நலமாக இருப்பது உன் அப்பா ஒருவர்தான். போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போன் உன் அப்பா கையில் இருக்கிறது, அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் வாயைத் திறந்தால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எனக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசி வரை படி.

உன் தங்கை வேலைக்குப் போவதை நிறுத்தியபோது இந்த வீட்டில் அவளுக்கு என்ன பட்டம் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கீறல் விழாமல் செய்கிறாள் என்று முதலாளியே வாய்விட்டுச் சொன்னவள், காலையில் ஒரு காலுறையை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்தபடி மதியம் வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். குளிக்கப் போவாள், வாளி நிரம்பி வழியும், குளித்திருக்க மாட்டாள். உன் அப்பா சோம்பேறி என்றார். உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் பறந்துவிடும் என்றாள், ஏதோ கொசு மாதிரி. மனநல டாக்டரம்மா இது மனச்சோர்வு, இதுவும் ஒரு நோய்தான் என்று சொல்லி மாத்திரை கொடுத்த பிறகும், நோய் என்றால் எங்கே காட்டு பார்க்கலாம் என்றார் அப்பா. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஆயுசில் பாதியைப் பாய்லர் ஓட்டியே கழித்தவர், அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக்குப் போனால்தான் அவருக்கு ஆபத்து, முள் இறங்கிவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். அதில் சிஆர்பி என்று ஒன்று, ஐந்துக்குள் இருக்க வேண்டியது, பன்னிரண்டு என்று வந்தது. இந்த வீட்டில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும் திருத்தக் கொடுக்கிற பரீட்சைத் தாள் மாதிரி படம் பிடித்து உனக்கு அனுப்புவதுதானே வழக்கம், அனுப்பினோம். உன் ஆராய்ச்சியே அதில்தான் என்பதால் நீயும் அன்றைக்கு நிறுத்தாமல் பேசினாய். உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது, அது ரத்தத்தின் வழியாக மூளையையும் தொந்தரவு செய்யும், மனசை நிதானத்தில் வைக்கிற ரசாயனத்தைச் செய்ய வேண்டிய சரக்கு வேறு பக்கம் திரும்பிவிடும், சிலருக்கு இதனாலும் மனச்சோர்வு வரலாம் என்றாய். எனக்குப் புரியாது என்று, சமைக்க வைத்த தண்ணீரை எடுத்துத் தீயை அணைக்க ஊற்றுகிற மாதிரி என்றும் சொன்னாய். அழகாகத்தான் சொன்னாய். ஆனால் நீ சொன்ன 'சிலருக்கு' என்பதும் 'வரலாம்' என்பதும் உன் அப்பா காதில் விழவே இல்லை. நேற்று வரை சோம்பேறியாக இருந்தவள் ஒரே நாளில் நோயாளியாகப் பதவி உயர்வு பெற்றாள். டிவி சத்தம் குறைந்தது. பாலைக் காய்ச்சி அவரே அவள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். அத்தைக்குப் போன் போட்டு, அவளுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது என்று ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி சொன்னார். பெற்ற மகள் அழுததை நம்பாத மனுஷன் ஒரு காகிதத்தை நம்பினார்.

அன்றைக்கே நீ அவளிடம், பல்லிலோ ஈறிலோ ஏதாவது வலி இருக்கிறதா, அதுகூட இந்த எண்ணை ஏற்றும் என்று கேட்டாய். கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவள் இல்லை என்றாள். பொய். கடைவாய்ப் பல் அப்போதே சொத்தையாகி, ஈறு சீழ் பிடித்திருந்தது. கன்னம் வீங்கி அவள் ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்த பிறகுதான் நான் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இவ்வளவு நாள் எப்படியம்மா தாங்கினாய் என்று பல் டாக்டர் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். பல்லைப் பிடுங்கினார்கள், மருந்து சாப்பிட்டாள், அடுத்த முறை ரத்தம் எடுத்தபோது எண் ஒன்றுக்கும் கீழே. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, அப்போதே உனக்குப் போன் போட்டார்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய். "அப்போ சரியாயிடுச்சா?" என்று கேட்டார். "ஆமாப்பா, நார்மல்தான், இனிமே ஒண்ணும் இல்ல" என்றாய். நீ ரத்தத்தைப் பற்றித்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அவர் கேட்டது மகளைப் பற்றி. அவள் அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தாள். போனை அவளிடம் கொடுங்கள் என்று நீ சொல்லவில்லை. அவள் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். மறுநாளே, ஒரு சொத்தைப் பல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அத்தையிடம் சொல்லிச் சிரித்தார் அப்பா. கண்ணாடிக் கடைக்குப் போய் திங்கட்கிழமை வருவாள் என்று வாக்குக் கொடுத்தார். என் மகனே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டான், அந்த டாக்டரம்மா என்ன பெரிய டாக்டர் என்று அவர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டார். திங்கட்கிழமை போனாள். மதியமே திரும்பி வந்தாள், கடையின் கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதாளாம், முதலாளியே வண்டி பிடித்து அனுப்பியிருந்தார். அப்பா மறுபடியும் சோம்பேறியில் தொடங்கினார், இந்த முறை நடிப்பு என்பதும் கூடச் சேர்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் அவளைக் கீழே உட்கார வைத்துத் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். முகம் பார்க்காமல் பேசலாம் என்பதாலோ என்னவோ, அவளாகவே சொன்னாள். "பல்லு வலிச்சது தெரியும்மா. வலி இருந்தா நம்பர் இருக்கும். நம்பர் இருந்தா அப்பா திட்ட மாட்டார்." அண்ணன் நீ சொன்ன அத்தனையிலும் அவள் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். தூங்க விடாத வலியை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள், சொந்த வீட்டில் ஒரு நல்ல வார்த்தைக்காக. இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்க்கிறாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும், நீயும் தெரிந்துகொள்.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அழற்சி குறைந்தது நல்லதுதான், ஆனால் இப்படி ரத்தத்தில் தெரிவது ஒரு சிலருக்குத்தான், தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, மூளைக்குள் நடப்பதையெல்லாம் ஊசியில் உறிஞ்சி எடுத்துப் பார்க்க முடியாது என்றார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதற்கு என்னைத்தான் திட்டினார், வாங்கிக்கொண்டேன். வாழ்ந்து என்ன பயன் என்பது மாதிரி ஏதாவது பேசுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம், தெரியவில்லை என்றேன். தனியாக விடாதீர்கள் என்றார். அன்றிலிருந்து அவள் அறையில்தான் படுக்கிறேன், மாத்திரை என் தலையணை உறைக்குள் இருக்கிறது, வேளைக்கு நானே கொடுக்கிறேன். உன் அப்பா பார்த்தால் பிடுங்கி எறிவார். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், இவருக்கு அப்போதும் தெர்மாமீட்டர் சொன்னால்தான் தெரியும்.

அவர் நம்புவது உன் வாயை மட்டும். ஆகவே நீ போன் செய். அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், சரியானது ரத்தம் மட்டும், அவளுக்கு இன்னும் குணமாகவில்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஸ்பீக்கரிலேயே, அவள் காதில் விழும்படி சொல். ஆராய்ச்சி வேண்டாம், உதாரணம் வேண்டாம். பிறகு போனை அவளிடம் கொடுக்கச் சொல். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. அவள் பதில் சொல்ல நேரமாகும், லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று கத்தாதே, வைத்துவிடாதே. அவள் அங்கேதான் இருப்பாள்.

உன்னைக் கரித்துக்கொட்டத்தான் எழுதினேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், எனக்கு வருத்தமில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், மருமகளுக்கு என் ஆசி. ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று தள்ளிப்போடாதே, படித்து முடித்த கையோடு பேசு.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் பெற்ற
அம்மா