படகைக் கொடுத்து வாங்கிய பிளேடு

செப்டம்பர் 9, செவ்வாய்

கேஸ் லாரி இன்று பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் கிளீட் இறங்கி குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி குழியைப் பார்த்தான்.

"வில்டாக்கா, இதுல மீன் வளக்கறீங்களா?"

"ஆமா. உன்ன மாதிரி கொழுத்ததா ஒண்ணு தேடிட்டிருக்கேன்."

சிரித்தான். சிரித்துக்கொண்டே சொல்லியும் விட்டான். நவம்பர் பதினைந்துக்குள் பாதை சரியாகாவிட்டால் கம்பெனி லாரியை மேலே அனுப்பாதாம். அப்புறம் பனி உருகிய பிறகுதானாம்.

வீட்டைச் சூடாக்கும் கேஸ் தொட்டியில் ஊசி நூற்றுக்கு இருபதில் நிற்கிறது. நவம்பர் வரை இழுக்கலாம். அதன் பிறகு இந்த வீட்டில் நானும் ஐஸ் கட்டிதான். விறகு அடுப்பை, என் வீட்டுக்காரன் ஓர்வலுக்கு முட்டி போய் விறகு வெட்ட முடியாமல் ஆன வருஷமே பிடுங்கி விற்றாயிற்று. பெரிய ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை அரை மைல் சரளைப் பாதை. அதற்கு ராஜாவும் நான்தான், கூலியும் நான்தான்.

செப்டம்பர் 10

கிளீட் வாயைக் கீழே போய்த் திறந்துவிட்டான். காலையிலேயே டெல்மஸ் வந்து நின்றான். என் கொழுந்தன். ஓர்வலைவிட ஐந்து வயது சின்னவன், ஐம்பது மடங்கு சோகமான முகம்.

"அண்ணி, பின்னறையைக் காலி பண்ணியாச்சு. ராக்ஸி கட்டில் போட்டுட்டா. பனி விழறதுக்குள்ள கீழ வந்துடுங்க."

"நல்லதாப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா நீ அதுல படுத்துக்க."

"சிரிக்காதீங்க. ஏப்ரல்ல என்ன ஆச்சு? ஆம்புலன்ஸ் பாதியில நின்னுச்சா இல்லையா?"

நின்றது. இரண்டு பையன்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள். அதற்குள் ஓர்வல் போய்விட்டான். வண்டி வாசலிலேயே நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். நான் அதை நம்புகிறேன். முக்கால்வாசி நாட்கள்.

"சரி, உன் பெட்டி பிளேடைக் குடு. டிராக்டர்ல மாட்டிப் பாதையை நானே இழுத்துச் சமன் பண்ணிடறேன்" என்றேன்.

"தர மாட்டேன். அந்த வளைவுல டிராக்டர் கவுந்துச்சுன்னா உங்கள எடுக்க வரவன் நான்தான். ஒரே வருஷத்துல ரெண்டு பேரைத் தூக்க என்னால ஆகாது அண்ணி."

இதற்குக் கிண்டலாக ஒரு பதில் வாயில் இருந்தது. அதற்குப் பதில் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 12

போக மாட்டேன். பேனாவிலேயே எழுதிவிட்டேன், அழிக்க முடியாது.

செப்டம்பர் 20, சனி

பர்ல் பழைய இரும்புச் சாமான் போட்டு வைத்திருக்கும் களத்துக்குப் போனேன். என்னிடம் கொடுக்க இருப்பது ஒன்றே ஒன்று, ஓர்வலின் அலுமினியப் படகு. எனக்கு நீச்சலும் தெரியாது, மீனோடு பேசவும் தெரியாது. பர்ல் படகைத் தட்டிப் பார்த்தான், கவிழ்த்துப் பார்த்தான். "ஒரு படகுக்கு ஒரு பிளேடு. எது வேணும்னு சொல்லுங்க" என்றான்.

இரண்டு கிடந்தன. ஒன்று பெட்டி பிளேடு. மூன்று பக்கம் தகடு, முன்னால் ஐந்து இரும்புப் பல். பல் மண்ணைக் கிழிக்கும், பெட்டி அந்த மண்ணை அள்ளிக்கொண்டே போய்க் குழியில் கொட்டும், பின்னால் மேசை மாதிரி சமமாக விட்டுவிட்டு வரும். மற்றது பின் பிளேடு. ஒரே ஒரு நீளத் தகடு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கோணலாகத் திருப்பி வைக்கலாம், ஒரு பக்கம் தாழ்த்தலாம். மண்ணைச் சுமக்காது, ஒரு பக்கமாக ஒதுக்கும்.

களத்தில் வேலையில்லாமல் சாய்ந்திருந்த நாலு ஆம்பளைகளும் ஒரே குரலில், "பெட்டி!" ஒருத்தன் சொன்னான், "ஓர்வல் இருபத்திரண்டு வருஷம் டெல்மஸோட பெட்டியிலதானே இழுத்தான்? அவனுக்குத் தெரியாததா?"

"அவனுக்குத் தெரியாதது நிறைய இருந்துச்சு. என்னைக் கட்டிக்கிட்டானே" என்றேன்.

சிரித்தார்கள். ஆனால் எனக்கும் பெட்டிதான் சரி என்று தோன்றியது. பார்த்தாலே பலசாலி. பின் பிளேடு பக்கத்தில் ஒல்லி மாப்பிள்ளை மாதிரி கிடந்தது. இருந்தாலும் ஒரு வாரம் தவணை கேட்டு வந்தேன். நாலு பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் எனக்கு உடனே தலையாட்ட வராது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு என்னை அனுப்பி வைத்ததற்கும் அதுதான் காரணம்.

செப்டம்பர் 27, சனி

நல்ல மழை. ஓர்வலின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பாதையில் மேலிருந்து கீழே நடந்தேன். குழிகளை எண்ணலாம் என்றுதான் போனேன். எண்ணவில்லை.

தண்ணீர் பாதையின் நடுவில் ஓடுகிறது! ஓரத்தில் இல்லை. ஓரத்துக் கால்வாய் இரண்டிலும் காய்ந்த இலைதான் கிடக்கிறது, மழையிலும் பாதி காய்ந்த இலை. தண்ணீர் வீட்டிலிருந்து புறப்பட்டு என் பாதை வழியாக, என் சரளையை உருட்டிக்கொண்டு, ராஜபாட்டையில் வருவது போல வருகிறது. பாதை இருபுறக் கரையைவிட ஒரு முழம் கீழே இருக்கிறது. கரையில் களையை விலக்கிப் பார்த்தேன். அடியில் முழுக்கச் சரளை. நாங்கள் லாரி லாரியாகக் கொட்டிய சரளை.

கீழே பெரிய ரோட்டையும் பார்த்தேன். ஆமை முதுகு. நடு உயர்ந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து போகிறது. அங்கே ஒரு குழி இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த ரோட்டில் போய் வருகிறேன், முதுகு இருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

ஒவ்வொரு செப்டம்பரும், மான் வேட்டை தொடங்குவதற்கு முன்னால், காய்ந்த சனிக்கிழமையாகப் பார்த்து இந்த மலையில் எல்லோரும் பெட்டியைப் போட்டு வழிப்பார்கள். மேசை மாதிரி ஆனதும் இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பார்கள். ஓர்வல் அப்படி நிற்பதை நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். அழகாக இருப்பான். வருஷத்துக்கு ஒரு விரல் ஆழம். இருபத்திரண்டு விரல்.

பாதைன்னு நெனச்சு வாய்க்கால் வெட்டியிருக்கியேடா ஓர்வல். இடுப்புல கை வேற. ஆம்புலன்ஸ் நின்ன இடமும் அதுதானே — அந்த வளைவு, தண்ணி எல்லாம் சேர்ற இடம் — நீயே தோண்டி, நீயே —

நின்று அழுதேன். மழையில் அழுவதில் ஒரு வசதி, யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் சிரிப்பும் வந்தது. நானும்தான் ஜன்னலில் நின்று ஆஹா என்றேன்.

செப்டம்பர் 29

படகு போயிற்று. பின் பிளேடு வந்தது.

"தப்புப் பண்றீங்கக்கா. இது பனி ஒதுக்கத்தான் ஆகும், குழிக்கு ஆகாது" என்றான் பர்ல்.

"குழிக்கு யாருடா வாங்கறா? தண்ணிக்கு வாங்கறேன்."

நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை. நான் திமிங்கிலம் பிடிக்கக் கரண்டி வாங்கியது போல.

அக்டோபர் 4

தோல்வி. தரை சிமெண்ட் மாதிரி காய்ந்து கிடக்கிறது. பிளேடு கடிக்கவில்லை, குதிக்கிறது. டக், டக், டக் என்று அரை மைலும் குதித்தது. முன்பு குழி மட்டும் இருந்த பாதையில் இப்போது துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக அலை. டெல்மஸ் பெண்டாட்டி ராக்ஸி காரில் ஏறி வந்தாள். இறங்கும்போது பொய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

"அக்கா, பேசாம வந்துடுங்களேன்."

"உன் பல்லு விழுந்துச்சா?"

"இல்ல."

"அப்ப நல்லாத்தான் இருக்கு பாதை."

அவள் போனதும் முதுகுவலிக்குச் சுடுதண்ணீர்ப் பையோடு உட்கார்ந்துகொண்டேன். பெட்டி வாங்கியிருந்தால் அந்தப் பல்லாவது கிழித்திருக்கும். நாலு ஆம்பளைகள் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? இருக்காது. இருந்தால்? இருக்காது.

அக்டோபர் 5

கொல்லையில் கிடந்த ஓட்டை லாரி ஒன்றின் இஞ்சினைப் பிளேடுக்கு மேல் சங்கிலி போட்டுக் கட்டினேன். எடை போதும், இனிக் குதிக்காது. மண் இளக மழைதான் வர வேண்டும். காய்ந்த சனிக்கிழமை எனக்கு வேண்டாம்.

அக்டோபர் 12

மழை இல்லை. ஊசி பதினான்கு.

அக்டோபர் 17

நேற்று நாள் முழுக்கப் பெய்தது. இன்று விடிந்ததும் இறங்கினேன். கால் வைத்தால் அழுந்துகிறது, ஒட்டவில்லை. இதுதான் பதம்.

பிளேடைக் கோணலாகத் திருப்பி, ஒரு முனையைத் தாழ்த்தி, கரையில் வைத்தேன். களையோடு சேர்த்துக் கடித்தது. சரளை ஒரு நீளச் சடையாக உருண்டு பாதையின் நடுவுக்கு வந்தது. என் சரளை! இருபத்திரண்டு வருஷச் சரளை, திருடன் வீட்டிலிருந்து திரும்பி வருகிற மாதிரி. டிராக்டரில் உட்கார்ந்து கத்தினேன். மாடுகள் திரும்பிப் பார்த்தன.

ஒரு பக்கம் கீழே, மறு பக்கம் மேலே. பதினொரு நடை. வளைவில் மட்டும் ஒரு தடவை — பின் சக்கரம் கால்வாயில் இறங்கி டிராக்டர் சாஞ்சுது. சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அம்மாடி. பிளேடைப் பட்டுனு தரையில இறக்கினேன், அது ஊன்றுகோல் மாதிரி நின்னு பிடிச்சுக்கிச்சு. இறங்கி புல்லில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முழுக்கப் பாடி முடித்த பிறகுதான் எழுந்தேன். டெல்மஸ் சும்மா பயப்படவில்லை. இதை அவனிடம் சொல்லப் போவதில்லை.

மறுபடி ஏறினேன். வளைவை மேல் பக்கமிருந்து செய்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

சர்ச் வாசலில் பர்ல்: "என்னக்கா, பாதைக்குக் கூன் விழுந்துருச்சாமே?"

"உனக்கு விழுந்ததவிட நேராத்தான் விழுந்திருக்கு."

அக்டோபர் 26

மழை. குடையோடு நடந்து பார்த்தேன். முக்கால் பாதைக்கு ஆமை முதுகு வந்துவிட்டது, தண்ணீர் இரண்டு ஓரத்துக்கும் ஒழுங்காகப் போகிறது. ஆனால் வளைவில் மூன்று பெரிய குழி இன்னும் இருக்கிறது. மேலே சரளை போட்டால் மூடிக்கொள்கிறது, ஒரு வண்டி போனால் திறந்துகொள்கிறது. அடி வரைக்கும் கிழித்தால்தான் போகும். கிழிக்கப் பல் வேண்டும். என்னிடம் பல் இல்லை.

எழுதவே வாய் கசக்கிறது.

நவம்பர் 2

டெல்மஸ் அவனுடைய டிராக்டரில், பெட்டி பிளேடோடு வந்தான். நான் கூப்பிடவில்லை. குறித்து வைக்கிறேன், நான் கூப்பிடவில்லை.

பாதையில் ஏறி, பாதியில் நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தான். நேற்றைய மழையின் தண்ணீர் ஓரக் கால்வாயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாங்க ரெண்டு பேரும்தான் இதைப் பள்ளமாக்கினோமா அண்ணி?"

ஆமாம் என்று சொல்ல ஒரு மாதமாகக் காத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும், "மலை முழுக்க அப்படித்தான்டா பண்றாங்க" என்றுதான் வந்தது.

அப்புறம் வேலை. அவன் ஏறி உட்காருவதற்குள் எதிரே போய் நின்றேன்.

"பல்லை மட்டும் இறக்கு. பெட்டி தரையில படக்கூடாது. என் முதுகை ஒரு விரல் வழிச்சே, உன்னை இந்தக் கால்வாயிலயே புதைப்பேன்."

"அண்ணன்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"அவன்கிட்ட பேசாம விட்டதாலதான் இந்தக் கதி."

மூன்று குழியையும் கிழித்தான். பின்னாலேயே நான் கோணலாகப் பிளேடைப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன். வளைவில் நான் திரும்பும்போது அவன் தன் டிராக்டரை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். முறைத்தான்.

நவம்பர் 13

ஊசி மூன்றில் இருந்தது. காலையில் கிளீட் வந்தான். எங்கேயும் நிற்கவில்லை. வாசலில் இறங்கி, குழாயை இழுத்துக்கொண்டே, "மீன் எல்லாம் எங்கக்கா?" என்றான்.

"நீ வர்றேன்னு கேள்விப்பட்டு ஓடிருச்சு."

ஊசி எண்பது.

நவம்பர் 30

பர்ல் என்னைக் கூப்பிட்டு, அவன் வீட்டுப் பாதையை மழையில் ஒரு தடவை நடந்து பார்க்கச் சொல்கிறான். யாருக்கும் தெரியாமல் வர வேண்டுமாம். சர்ச் வாசலில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சரி என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

இரண்டு நாளாகப் பனி, முழங்காலுக்கு மேல். கீழே கரண்ட் கம்பி அறுந்து பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு. என் ஹீட்டருக்குக் கரண்ட் வேண்டாம், கேஸ் போதும். காலையில் பிளேடைக் கோணலாக வைத்துப் பெரிய ரோடு வரை ஒதுக்கிவிட்டு, காரியமில்லாமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் டெல்மஸ் வீட்டு வாசலையும் ஒதுக்கினேன். உள்ளே இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் எல்லாமே கரண்ட்.

"வாங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு சொல்லாமல் இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மத்தியானம் என் வீட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும். டெல்மஸ் இரண்டு தட்டு சாப்பிட்டான். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து புழுங்குகிறது என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். ராக்ஸி பாத்திரம் துடைத்தபடி கேட்டாள், "அக்கா, கரண்ட் வர நாலஞ்சு நாள் ஆகுமாம். உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?"

"இருக்கற வரைக்கும் இருங்க. பின்னறையைக் காலி பண்ணிட்டேன்."