முழந்தாளிலிருந்து எழும்பினது

மார்ச் 3, செவ்வாய்

குஞ்சு, விடிய பனி, பிறகு மழை. நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். டாக்டரிடம் போனது. மெட்ரோப் படியில் மகள் இடுப்பைப் பிடித்து ஏற்றினாள்.

நுரையீரலுக்கென்று இத்தனை வருசம் விழுங்கின ஸ்டீராய்டு குளிசைதானாம் தொடைத் தசையைக் கரைத்தது. நோவே இல்லாமல். கை நடுக்கமும் அதால்தானாம். நானாக நிறுத்தக் கூடாது, அவர் மெல்ல மெல்லக் குறைப்பார். பயிற்சி விடக் கூடாது.

வீட்டுக்கு வர மச்சாளின் போன். "தங்கச்சி குஞ்சு செத்த கவலை, உங்கடை காலை விழுத்திப்போட்டுது." கவலை நெஞ்சில் கிடக்கிறது. தொடைக்கு அது ஏன் போகிறது?

ஞாயிறு சேர்ச்சில் உன் முதலாம் ஆண்டுப் பூசை. "அம்மா, கதிரையிலை இருந்தே கும்பிடுங்கோ" என்கிறாள் மகள். உன் பூசையில் முழந்தாளிடாமல் நானா? இட்டால் நானே எழும்பவும் வேண்டும். நாலு பேர் தூக்கி நிறுத்த, சனம் பார்க்க... வேண்டாம்.

மார்ச் 5, வியாழன்

வெயில். குளிர் குறையவில்லை. கறிவேப்பிலை முடிந்தது.

பயிற்சி சொல்லித்தரும் பிரெஞ்சுப் பிசியோ பிள்ளை வந்தது. ஒரு காலை முன்னுக்கு ஊன்று, தொடையில் கை வை, எழும்பு. "டூஸ்மான், மாடாம்." மெதுவாகவாம். சோபாவைப் பிடித்துத்தான் எழும்பினேன். பின்னேரம் தனியத் திரும்பவும். விழுந்தேன். மகளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பூசையால் வந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணல், பாராதே.

சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கி, முன்வரிசையில் முழந்தாளிட்டேன். எழும்பும் நேரம் மகள் கை நீட்டினாள். "விடு பிள்ளை." வலது கால் முன்னுக்கு வரமாட்டேன் என்கிறது. திரும்பிப் பார்த்தால் கோயில் முழுக்க இன்னும் முழந்தாளில்! செத்த வீட்டுக்காரர் எழும்பாமல் தாங்கள் எழும்பக் கூடாதென்று அப்படியே இருக்குதுகள். சாமியாரும் காத்துக்கொண்டு நிற்கிறார். காலை இழுத்து ஊன்றி, தொடையில் கை வைத்து, தம் பிடித்து, எழும்பினேன். நானே. முழுக் கோயிலும் எனக்குப் பின்னால் எழும்பியது.

வாசலில் மச்சாள் கண்ணைத் துடைத்தாள். "என்ன உருக்கமான செபம், மச்சாள்! எங்களுக்கு முழங்கால் விறைச்சுப்போச்சு."

"செபமோ? நான் வலது காலைத் தேடிக்கொண்டிருந்தனான்."

சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. நானும்தான்.

நீ என்னைக் கதிரையிலிருந்து இழுத்து நிறுத்தும்போதெல்லாம் "அம்மிக்கல்லு எழும்பிட்டுது" என்பாய். இனி என்னை என்னவென்று கூப்பிடுவாய், குஞ்சு?