ஆளே ஏறாவிட்டாலும் அதிகம்

வெண்டல்,

நானும் க்ளென்னா அக்காவும் அவள் காரில் ஏரிக்குக் கிளம்பிவிட்டோம். மான்கறிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. பிக்கப் வண்டிச் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டாதே. அது என் பையில் இருக்கிறது.

நேற்றுச் சாப்பிடும்போது, "பத்தாயிரம் பவுண்டு இழுக்கிற வண்டி இது. உன் ரெண்டு பெட்டியக் குறைச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்றாய். காலையில் நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியின் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் போய்ப் படித்தேன். பின்னால் கட்டி இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு. ஆளும் சாமானும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாதாம். பிக்கப் முதுகில் ஏற்றிப் போக நீ ஆசையாக வாங்கிவந்த கேம்பர் வீடு, தண்ணீரும் கேஸும் நிரப்பினால், அதுவே ஆயிரத்து அறுநூறு. கணக்கில் என் பெட்டிகளை இறக்கினேன், என்னை இறக்கினேன், கடைசியில் உன்னையும் இறக்கிப் பார்த்தேன். அப்போதும் நூறு பவுண்டு அதிகம்.

க்ளென்னா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகிற வழியில் லோலோ கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்தானே.

மறந்துவிட்டேன்: மத்தியானம் பக்கத்துப் பண்ணை ஹார்லன் கேம்பரை விலைக்குப் பார்க்க வருவார். அவர் வண்டி அதைத் தாங்கும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் காட்டு.

இன்னொன்று: அத்தான் ஓரின் சாயங்காலம் கிளம்புகிறார். அவர் வண்டியில் கூடாரத்துக்கும் உனக்கும் இடம் கேட்டிருக்கிறேன். உன் எடை இருநூறு பவுண்டுதான் என்று சொன்னேன். உண்மை நமக்குள்ளேயே இருக்கட்டும்.

லோரெட்டா