உங்களுக்கு வராத மின்னஞ்சல்

அண்ணாச்சி,

இன்று காலை டைப்பிஸ்ட் ஒரு பணி நியமனக் கடிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிரிண்டரின் சூடு காகிதத்தில் இன்னும் இருந்தது. அடுத்த மாதம் என்னிடம் ஜூனியராகச் சேரப்போகிற பெண்ணுக்கான கடிதம். சம்பளமும் வேலை நேரமும் முடிந்த பிறகு, தடித்த எழுத்தில் 'சலுகைகள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே மருத்துவக் காப்பீடு, விடுப்பு. கையெழுத்துப் போடப் போன பேனா அங்கேயே நின்றுவிட்டது.

அந்தச் சொல் உங்களுக்குப் பொறுக்காது. "சலுகைன்னா பஸ்ஸுல குடுக்குறது வக்கீலம்மா. இது வேலையோட சேர்ந்தது" என்பீர்கள். நான் தலைப்பை அடித்துவிட்டு 'வேலையோடு சேர்ந்தவை' என்று எழுதிக் கொடுத்தேன். டைப்பிஸ்ட் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இப்படி எந்தக் கடிதத்திலும் அவள் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்கு உங்களையும் தெரியாது. அவள் போன பிறகு உங்களிடம் பேச வேண்டும்போல இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் அந்தச் சட்ட நிறுவனத்தில் நான் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? ஒன்பது மாடிக் கண்ணாடிக் கட்டிடம், முந்நூறு வக்கீல்கள். புதிதாகச் சேர்ந்த பதினைந்து பேரைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினார்கள். உடற்பயிற்சிக் கூடம், களைப்பாக இருந்தால் படுத்து எழ ஓர் அறை, புதன்கிழமைகளில் பழத்தட்டு, எட்டு மணிக்கு மேல் வேலை இருந்தால் சாப்பாடும் வீட்டுக்குக் காரும், மனசு சரியில்லை என்றால் பேசுவதற்கு ஒரு தொலைபேசி எண். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத்தான் ஆபீஸ் என்று பெயர். அப்பா அங்கே முப்பது வருடம் போர்மேன். தீபாவளிக்கு போனஸும் ஒரு சட்டைத் துணியும் வரும், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னபோது அப்பா கேட்டார்: "படுக்க ரூம் எதுக்குட்டி? வீட்டுக்கு விடமாட்டாவளா?"

படமெல்லாம் முடிந்த பிறகுதான் நீங்கள் ஒரு காக்கிக் கோப்போடு உள்ளே வந்தீர்கள். எச்.ஆர். என்று தனியாக ஒரு பிரிவு இருந்தாலும், படிவம் வாங்குவது, காப்பீட்டு அட்டை கொடுப்பது, மருத்துவமனையில் சேர்ந்தவருக்காக மணிக்கணக்கில் போனில் காத்திருப்பது எல்லாம் உங்கள் வேலை. காப்பீட்டுப் படிவத்தில் பெற்றோர் பெயர் எழுத வேண்டிய இடத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். நீங்கள் முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"கோவில்பட்டியா? நான் கயத்தாறு. அப்பா பேர ஏன் எழுதல?"

"அப்பா பொறந்த தேதி சரியாத் தெரியாது அண்ணாச்சி. பெறவு எழுதித் தாரேன்."

"ஆதார்ல என்ன இருக்கோ அதான் தேதி. போன் போட்டுக் கேளுங்க, நான் நிக்கேன்."

நின்றீர்கள். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் நின்றீர்கள். முதல் சந்திப்பிலேயே நான் உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டதை இப்போதுதான் யோசிக்கிறேன். அந்தக் கட்டிடத்தில் வேறு யாரையும் நான் ஊர் முறையில் கூப்பிட்டதில்லை.

உங்கள் அறை டீ போடும் பேன்ட்ரிக்குப் பக்கத்தில் இருந்தது, முன்பு சாமான் வைத்த அறை. வக்கீல்கள் அங்கே படிவம் கேட்டு வருவார்கள். வந்த இடத்தில் அழுதுவிடுவார்கள். கருக்கலைந்த பெண், அண்ணனை விபத்தில் இழந்தவன், தூக்கமே வராமல் கிடந்தவள். யாராவது அழத் தொடங்கினால் நீங்கள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஏதோ கோப்பைத் தேடுவீர்கள். அழுது முடிக்கும்வரை அந்தக் கோப்பு கிடைக்காது. எந்தப் பெயரும் அந்த அறையைவிட்டு வெளியே வந்ததில்லை.

மூன்றாவது வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. நீங்கள் நின்று வாங்கிய அந்தப் பெயரால் மருத்துவமனையில் எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் அப்பாவின் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். அம்மா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது, நான் ஒரே பிள்ளை. எங்கள் பிரிவில் இரண்டு பெரிய கம்பெனிகளை இணைக்கும் வேலை உச்சத்தில் இருந்தது. குடும்பத்தில் நோயாளியைக் கவனிக்கச் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு உண்டு என்று நிறுவனத்தின் கையேட்டில் இருந்தது. அதை எடுத்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பிரிவை நடத்திய பார்ட்னரிடம் கேட்டேன். "விதியில இருக்கு, எடுத்துக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வேலை முடியுற வரைக்கும் பொறுத்தா நல்லா இருக்கும்" என்றார்.

பொறுத்துக்கொள்வதாக முடிவு செய்தேன். மாதச் சம்பளத்துக்கு ஒரு நர்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது நீங்கள் படிவத்தோடு என் இருக்கைக்கே வந்தீர்கள்.

"ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் படிச்சுச் சொல்லுதீங்க. உங்க ஒப்பந்தத்த ஒரு தடவயாவது படிச்சீங்களா?"

"படிச்சிருக்கேன் அண்ணாச்சி. இப்பப் போனா என் பேரு கெட்டுரும்."

"கெடும்" என்றீர்கள். நான் திகைத்துப் போனேன். ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வீர்கள் என்று நினைத்திருந்தேன். "கொஞ்ச நாள் கெடும். அப்பாவ யாரு பாக்குறது?"

கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சின்னப் பொருள்களைப் பொறுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். கடலையை வைத்தேன், அப்பா தள்ளிவிட்டார். அரிசிப்பொரியைத் தள்ளிவிட்டார். நாலாம் நாள் ஒரு தட்டில் தீக்குச்சிகளைக் கொட்டி, காலிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கை நகர்ந்தது. ஒரு குச்சியை எடுத்துப் பெட்டியில் போட அன்று முழு மத்தியானம் ஆனது. ஐந்தாவது வாரம் ஒரு பெட்டியை நிரப்பி, மூடி, என்னிடம் நீட்டி, "குச்சி கொறையுது" என்றார். குழறல் இல்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் எண்ணிப் பார்க்கவில்லை. போர்மேன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் திரும்பி வந்த வருடம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. ஒவ்வொரு வக்கீலும் ஆண்டுக்கு இத்தனை மணிநேரம் கட்சிக்காரர்களுக்காக வேலை செய்திருக்க வேண்டும் என்று ஓர் இலக்கு. விடுப்பில் போனாலும் அந்த இலக்கு குறையாது. ஆறு வாரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஆறு வாரத்துக்கான மணிநேரத்தையும் கேட்டார்கள். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. விதியை எழுதியவர் அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் அறைக்கு வந்து இதைச் சொன்னேன். நான் அழவில்லை. நீங்களும் நாற்காலியைத் திருப்பவில்லை.

"இத்தன வருசம் இந்தப் படிவத்தக் கையில வச்சிருக்கேன். இது எனக்குத் தோணலையே" என்றீர்கள். "இத எப்படித் திருத்தணும்னு எழுதித் தாங்க. நான் கொண்டுபோறேன்."

விடுப்பு நாள்களுக்கு ஏற்ப ஆண்டு இலக்கும் குறையும் என்று ஒரே பத்தி எழுதினேன். நிர்வாகப் பார்ட்னரிடம் போய்விட்டுத் திரும்பி வந்தீர்கள்.

"பெறவு பாப்போம்னு சொல்லிட்டாவ."

"அப்ப முடிஞ்சுது."

"வேண்டாம்னு சொல்லலையே வக்கீலம்மா."

அடுத்த இரண்டு மாதம் நீங்கள் செய்ததை வேறு எவராலும் செய்திருக்க முடியாது. உங்கள் அறையில் அழுதவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், "விருப்பம் இருந்தா உங்க கையால எழுதிக் குடுங்க, இல்லன்னா நான் வந்ததையே மறந்துருங்க" என்று கேட்டீர்கள். பதினோரு கடிதம் வந்தது. பதினோராவது என் பார்ட்னருடையது. நாலே வரி. தாய் இறந்த நாலாம் நாள் தான் வேலைக்குத் திரும்பியதாகவும், வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும், வரவேண்டாம் என்று சொல்லவும் யாரும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

விதி மாறியது. எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்த நாள் மத்தியானம் நீங்கள் என் இருக்கைக்கு வந்து, "அந்த மெயில உங்க கம்ப்யூட்டர்ல கொஞ்சம் காட்டுங்க" என்றீர்கள். உங்களுக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

"எனக்கு எப்படி வரும்? நான் ஏஜென்சி ஆளுல்லா. இந்த ஆபீஸ் ஆளு இல்லையே."

நாலு வருடம் உங்களோடு பழகியிருந்தேன். முந்நூறு பேரின் காப்பீட்டையும் விடுப்பையும் பார்த்துக்கொண்ட உங்களுக்கு அதில் எதுவுமே கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கார் ஓட்டுகிறவர்கள், பேன்ட்ரியில் பழம் நறுக்குகிற பெண்கள், காவலாளிகள் எல்லோரும் அப்படித்தான், ஏஜென்சி வழியாகச் சம்பளம் வாங்குகிறவர்கள். நீங்கள் திரையில் இருந்ததை இரண்டு தடவை படித்தீர்கள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றீர்கள். முகத்தில் உண்மையான சந்தோஷம். எனக்குத்தான் உங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

குத்திக்காட்டுவதற்காக நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. அன்றே இரண்டாவது பத்தியை எழுதத் தொடங்கினேன்: இந்தக் கட்டிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்கிற எவருக்கும் இதே விடுப்பு உண்டு, சம்பளம் யார் வழியாக வந்தாலும். இந்தத் தடவை படியேறி இறங்கியது நான். "ஏஜென்சியக் கேளுங்க" என்றார் ஒருவர். "இதுக்கு முன்னுதாரணம் இல்லையே" என்றார் இன்னொருவர். ஒன்றரை வருடம் ஆனது. ஆறு வாரம் கேட்டதற்கு மூன்று வாரம் தந்தார்கள். வாங்கிக்கொண்டோம். நடுவில் எனக்கும் பதவி உயர்வு வந்தது. நீங்கள் சொன்னபடியே, கொஞ்ச நாள்தான் பெயர் கெட்டிருந்தது.

ஊரிலேயே இருந்த உங்கள் மனைவிக்கு, மதினிக்கு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்றபோது உங்களுக்கான படிவத்தை நீங்கள் நிரப்பவில்லை. "அடுத்தவனுக்குன்னா கை தானா எழுதுது. எனக்குன்னு வரமாட்டேங்குது" என்று சிரித்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கயத்தாறுக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன்: "நான் வந்துட்டேன். இவ என்னயப் பாத்து, 'வேலை போயிட்டா?'ன்னு கேக்கா."

நீங்கள் ஓய்வுபெற்று ஊருக்கு வந்த அடுத்த வருடமே நானும் வந்துவிட்டேன். அப்பாவின் பக்கத்தில் இருக்கத்தான். ஆனால் கோவில்பட்டிக் கோர்ட்டில் வேலை பிடித்துப்போனது. கயத்தாறு அரைமணிப் பயணம்தான், நினைத்தால் வந்து பார்க்கலாம் என்று இருந்தேன். மூன்று தடவைதான் வந்தேன். மார்கழியில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மகள் போன் செய்தபோது எனக்கு மதுரையில் வழக்கு. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னார்கள். "அந்த மூணு வாரம் எங்கூடவே இருந்தாவல்லா. கல்யாணம் ஆனதுல இருந்து அவிய அவ்வளவு நாளு சேந்தாப்புல வீட்டுல இருந்தது அப்பத்தான்."

அழுதேன் அண்ணாச்சி. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு கனமாக இல்லை. இருபக்கமும் கரிசல் ஈரமாகக் கிடந்தது, மிளகாய் நாற்று பச்சை பிடித்திருந்தது. மூன்று வாரம் என்று நான் குறைப்பட்டுக்கொண்டது ஒரு வீட்டில் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்று உண்டு. யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்கள் எழுதாமல் விட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம் விளாத்திகுளத்திலிருந்து ஓர் இளம்பெண் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றைக் காட்ட வந்தாள். பேச்சுவாக்கில், தானும் வக்கீல்தான், சென்னையில் வேலை என்றாள். நம் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம், கவனித்துக்கொள்ள வந்திருக்கிறாளாம்.

"எத்தன நாள் லீவு?"

"ஆறு வாரம் மேடம்."

"லீவு எடுக்கப் பயமா இல்லையாம்மா?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"எதுக்கு மேடம் பயப்படணும்? எல்லாரும் எடுக்குதாவல்லா."

நான் உங்களைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை, அண்ணாச்சி. பத்திரத்தை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். எழுத்து கொஞ்ச நேரம் தெளிவாகத் தெரியவில்லை.