பிள்ளையவர்களின் நற்சான்று

பாளையங்கோட்டை,
1912 நவம்பர் 13.

கொழும்பிலிருக்கும் பிரிய சிநேகிதன் ஷேக் மைதீனுக்கு, பாக்கியசீலன் எழுதுவது.

அம்மா சுகமாயிருக்கிறாள். கொழும்பு மழையில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? எனக்குப் பஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டுவிடாதே, முழுவதும் படி.

உத்தியோகத்துக்கு வேண்டியது படிப்பா, பழக்கமா என்று காலேஜ் சங்கத்தில் வாதாடினோமே. படிப்பே போதும் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். நீ எழுந்து, 'படிச்சவன் வாசல்ல நிக்கான், தெரிஞ்சவன் உள்ள இருக்கான் வே' என்றாய். சபையே சிரித்தது. பரீட்சை தேறி எட்டு மாதம் நானும் வாசலில்தான் நின்றேன்.

அப்புறம்தானே நாமே ஒரு பெரிய மனுஷரை உண்டாக்கினோம்? ஸ்ரீவைகுண்டம் சிவசைலம் பிள்ளை, பென்ஷன் தாசில்தார். அவர் பேரால் நீ எனக்கும் நான் உனக்கும் நற்சான்று எழுதிக்கொண்டோம். அவருக்கு இடது காது மந்தம் என்றாய் நீ. பேசுமுன் மூக்கைத் தொடுவார் என்றேன் நான். இதையெல்லாம் சான்றில் எழுதவில்லை. நாம் இருவரும் சிரித்ததோடு சரி.

வேலையில் சேர்ந்த அன்று தலைமைக் குமாஸ்தா காசிலிங்கம், பிள்ளையவர்கள் நேற்றே நேரில் வந்து உமக்காகப் பேசினார், பாவம், இடது காதுதான் கேட்கவில்லை என்றார். ஸ்ரீவைகுண்டம் போய் விசாரித்தேன். அப்படி ஒருவரை அங்கே யாரும் அறியார்கள்.

போன வாரம் பட்டப்பகலில் என் மேஜைக்கே வந்தார். மூக்கைத் தொட்டார். உங்களுக்காக நான் பேசினேன், எனக்கும் ஒரு நற்சான்று வேண்டும், என்னை இன்னாரென்று அறிந்தவர்கள் உலகத்தில் நீங்கள் இரண்டு பேர்தான் என்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, மைதீன். இவரை நான் நன்றாக அறிவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காசிலிங்கம் என்னை நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர் என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். என் நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்திருந்தார். நேற்று எங்கள் வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, 'யாரு வேணும் அய்யா?' என்றாள்.

இரண்டாவது கையெழுத்துக்கு உன்னிடம் வருகிறார். நாளை தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறாராம். இந்தக் கடிதமும் அதே கப்பலில்தான் வரும். எவ்வளவு கெஞ்சினாலும் கையெழுத்துப் போடாதே. உன் சான்றையும் கிழித்துப் போடு.

உன் அல்லாவும் என் ஆண்டவரும் உன்னைக் காப்பார்களாக. உடனே பதில் போடு. வேறொன்றும் எழுத வேண்டாம், பாக்கியசீலனை எனக்குத் தெரியும் என்று ஒரே ஒரு வரி.

உன்,
பாக்கியசீலன்