தையல் கிளாஸ்னு சொல்லாதீங்க

என்னங்க,

நெய்ச்சோறு ஹாட் பாக்ஸ்ல, கறிக்குழம்பு அடுப்பு மேல இருக்கு. ரொம்ப மாசம் கழிச்சு நானே ஆக்கினது. உப்பு பத்தலைன்னா போட்டுக்கங்க.

மத்தியானம் உங்க அக்கா மெஹ்னாஸ் வர்றாங்க. நான் எங்கேன்னு கேட்டா, நேத்து போன்ல நீங்க அவங்ககிட்ட சொன்ன மாதிரி தையல் கிளாஸ்னு சொல்லாதீங்க. அதுக்குத்தானே நேத்து அவ்வளவு சண்டை. "ஜஹீராவுக்கு டிப்ரஷன், சேலையூர்ல நாலு பேரோட சேர்ந்து உட்கார்ந்து சிகிச்சை எடுத்துக்கிறா"ன்னே சொல்லுங்க. எனக்கு அதுல வெட்கமில்லை.

"மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க. சின்னதா ஒரு வேலை செய்ங்க, மனசு பின்னாலேயே வரும்"னு அங்கே சிகிச்சை கொடுக்கிற மேடம் சொன்னப்போ நான் நம்பலை. ஆனா போன வாரம் தனியா கேம்ப் ரோடு வரைக்கும் நடந்துபோய் மல்லிகைப்பூ வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் தலைவாரிக்கணும்னு தானா தோணிச்சு. குரூப்ல இதைச் சொன்னதும் எல்லாரும் கைதட்டினாங்க.

ஸ்கூல் விட்டதும் சோயாவைக் கூட்டிட்டு வந்துடுங்க.

ஜஹீரா

மறந்துட்டேன்: அடுத்த வாரம் வீட்டு ஆளுங்களும் வரலாமாம். "உங்க வீட்டுக்காரர் வருவாரா?"ன்னு மேடம் கேட்டாங்க. வருவார், ஒரு நாற்காலி சேர்த்துப் போடுங்கன்னு சொல்லிட்டேன்.